கர்ப்பிணிகளின் உணவை 24 மணி நேர நினைவுகூரலால் நம்பகமாக அளப்பது எப்படி?

ஒரு கர்ப்பிணி நேற்று உண்டதை அவரிடமே கேட்டுப் பதிந்து, அதிலிருந்து ஊட்டச்சத்தைக் கணக்கிடும் 24 மணி நேர நினைவுகூரல் முறையில், கிடைக்கும் எண் எதற்குப் பொருந்தும் என்பதை ஆய்வைத் திட்டமிடும்போதே தீர்மானித்துவிட வேண்டும். போதிய எண்ணிக்கையிலான பெண்களிடம், வாரத்தின் எல்லாக் கிழமைகளையும் உள்ளடக்கி எடுக்கப்பட்ட ஒரு நாள் பதிவு, குழுவின் சராசரியை ஓரளவு சரியாகக் காட்டும். அதே ஒரு நாள் பதிவை வைத்து, குறிப்பிட்ட ஒரு பெண்ணுக்குக் கால்சியம் போதவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

நேர்காணலைப் பல சுற்றுகளாக நடத்துங்கள். முதலில் குறுக்கிடாமல் அவர் நினைவுக்கு வந்தபடியே சொல்லவிட வேண்டும். அடுத்து, காபி, தேநீர், பிஸ்கட், பழம், பூஜைப் பிரசாதம், அங்கன்வாடியில் தரும் சத்துமாவு என எளிதில் விடுபடுபவற்றை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பிறகு நேரம், அளவு, சமைத்த விதம் ஆகியவற்றை நிரப்பி, இறுதியில் முழுப் பட்டியலையும் வாசித்துக் காட்ட வேண்டும். இயன்றவரை மாமியாரோ கணவரோ அருகில் இல்லாத இடத்தில் பேசுவது நல்லது. வீட்டார் முன்னிலையில் பாலும் பழமும் கூடுவதற்கும், விலக்கச் சொன்ன பப்பாளி மறைவதற்கும் வாய்ப்பு உண்டு. அரிசி, சாம்பல், மண் போன்றவற்றை உண்ணும் வேட்கை பற்றியும் கடிந்துகொள்ளாத குரலில் கேளுங்கள்.

பிழை மிகுதியாக நுழையும் இடம் அளவுதான். 'ஒரு டம்ளர்', 'ரெண்டு கரண்டி' என்பதை அப்படியே எழுதாமல், அந்த வீட்டின் டம்ளரிலும் கரண்டியிலும் நீர் ஊற்றி, அளவுக் குவளையால் மில்லிலிட்டரில் கணக்கிடுங்கள். சாம்பார், கூட்டு போன்றவற்றுக்கு, பானையில் போட்ட பருப்பு, காய், எண்ணெய் ஆகியவற்றின் சமைக்காத எடை, வெந்தபின் கிடைத்த மொத்த அளவு, அதில் அவர் உண்ட பங்கு என மூன்றையும் பெற வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட, 528 உணவுகள் கொண்ட அட்டவணை பெரும்பாலும் சமைக்காத பொருள்களுக்கே மதிப்புகளைத் தருகிறது என்பதால் இந்த உழைப்பைத் தவிர்க்க முடியாது. ஃபோலேட், வைட்டமின் சி ஆகியவை சமைக்கும்போது குறைவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மசக்கைக் காலத்து உணவும் ஏழாம் மாதத்து உணவும் ஒன்றல்ல. ஆகவே ஒவ்வொரு மும்மாதத்திலும் தனியாகப் பதிவு எடுத்து, வாந்தி இருந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளை உணவோடு சேர்க்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கான இரும்பின் பரிந்துரை அளவே 27 மில்லிகிராம்தான் என்பதால், மாத்திரையைச் சேர்த்துக் கணக்கிட்டால் உணவின் குறை முற்றிலும் மறைந்துபோகும். வாங்கினாரா என்று கேட்பதோடு நிற்காமல், நேற்று விழுங்கினாரா என்றும் கேளுங்கள்.

வழக்கமான உட்கொள்ளலை அறிய, குறைந்தது ஒரு பகுதிப் பெண்களிடமாவது அடுத்தடுத்து வராத இரண்டாவது நாளின் பதிவும் வேண்டும். அதைக் கொண்டுதான் ஒருவருக்குள் நாளுக்கு நாள் ஏற்படும் மாறுபாட்டைப் பிரித்தெடுக்க முடியும். ஆற்றலுக்குச் சில நாள்கள் போதும். வைட்டமின் ஏ அப்படியல்ல: முருங்கைக்கீரையோ ஈரலோ உண்ட ஒரே நாள் கணக்கையே மாற்றிவிடும். போதாமையின் பரவலை மதிப்பிடும்போது, ஒப்பிட வேண்டியது சராசரித் தேவையோடுதான், அதாவது குழுவில் பாதிப் பேருக்குப் போதுமான அளவோடுதான். ஏறத்தாழ எல்லாருக்கும் போதுமாறு உயர்த்தி வைக்கப்பட்ட பரிந்துரை அளவோடு ஒப்பிட்டால் குறைபாடு மிகைப்பட்டுத் தெரியும்.

முறையைச் சரிபார்க்கும்போது, அடிப்படை வளர்சிதை மாற்றத்தோடு (ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலோடு) ஒப்பிட்டுக் குறைவாகச் சொன்னவர்களை விலக்கும் வழக்கத்தைக் கர்ப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாதீர்கள். மசக்கையில் உண்மையாகவே குறைவாக உண்டவர்கள் அதில் வெளியேறிவிடுவார்கள். சிறுநீர் நைட்ரஜனைக் கொண்டு புரதத்தைச் சோதிப்பதிலும் சிக்கல் உண்டு, ஏனெனில் வளரும் சிசுவின் திசுக்களில் நைட்ரஜன் தங்குகிறது. ஒரு சிறு குழுவின் உணவை எடைபோட்டு அறிந்து, மறுநாள் அவர்களிடமே நினைவுகூரலை நடத்துவது நடைமுறைக்கு உகந்தது. அப்போது, இரு அளவுகளும் எந்த அளவுக்குச் சேர்ந்தே கூடிக் குறைகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவோடு நிறுத்தாமல், அவற்றுக்கு இடையிலான சராசரி வேறுபாட்டையும், பெரும்பாலோரின் வேறுபாடுகள் அடங்கும் எல்லைகளையும் ஒவ்வொரு சத்துக்கும் தனித்தனியே வெளியிடுங்கள். எல்லாரும் ஒரே விகிதத்தில் குறைத்துச் சொன்னாலும் கெழு உயர்ந்தே நிற்கும்.