விண்கல் ஆய்வில் எண்கள் கெட்டுப்போகும் இடங்கள்

விண்கல் மாதிரி ஒன்று கிடைத்ததும் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தங்கியிருக்கும் காந்தப் பதிவு, ஒரு சின்ன நியோடிமியம் காந்தம் பட்டாலே அழிந்துபோகும். செவ்வாயிலிருந்து வந்த 'பிளாக் பியூட்டி' விண்கல்லின் பல துண்டுகளுக்கு இப்படித்தான் ஆனது, இனி அதை மீட்க வழியில்லை.

அடுத்தது தண்ணீர். மண் ஒட்டியிருக்கிறதே என்று கழுவுவார்கள், வெட்டும்போது ரம்பம் சூடாகாமலிருக்கத் தண்ணீர் ஊற்றுவார்கள். 1998-இல் டெக்சாஸின் மோனஹான்ஸில் விழுந்த கல்லுக்குள் ஊதா நிற உப்புப் படிகங்கள் இருந்தன, அவற்றுக்குள் சூரியக் குடும்பத்தின் தொடக்க கால நீர் சிறைப்பட்டிருந்தது. ஈர ரம்பத்தால் வெட்டியிருந்தால் அந்த உப்பு கரைந்து போயிருக்கும், அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. காற்றிலுள்ள ஈரமும் லேசுப்பட்டதல்ல. 1864-இல் பிரான்சில் விழுந்த ஓர்கேய் விண்கல்லில் உள்ள வெள்ளை சல்பேட் கோடுகள் தாய்ச்சிறுகோளில், அதாவது அந்தக் கல் உடைந்து வந்த சிறுகோளில், நீர் ஓடிய தடயம் என்று வெகுகாலம் நம்பினார்கள். அவை கல் பூமிக்கு வந்த பிறகு, அருங்காட்சியக அலமாரியில் இருந்தபடியே உருவானவை என்ற விளக்கம் 2001-இல்தான் வந்தது.

சகாரா போன்ற பாலைவனங்களில் எடுத்த கற்களில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் அதிகமாக இருந்தால் அதை விண்வெளியின் சேதி என்று உடனே எழுதிவிடாதீர்கள், பெரும்பாலும் அது மண்ணிலிருந்து ஊறியது. அப்புறம், டங்ஸ்டன் அளக்கப் போகிறவர்கள் டங்ஸ்டன் கார்பைடு உரலில் கல்லை இடிக்கவே கூடாது.

கரைப்பதிலும் கவனம் வேண்டும். அமிலத்தில் போட்டு சூடாக்கினோம், கரைசல் தெளிவாகத் தெரிகிறது, சரி என்று நகர்ந்துவிடுகிறோம். சூரியனுக்கும் முந்தைய விண்மீன்களில் பிறந்த சிலிக்கான் கார்பைடு துகள்கள் சாதாரண சூட்டுத்தட்டுக் கரைப்புக்கு மசியாது, அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ஐசோடோப்பு விகிதத்தில், அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள் கலந்திருக்கும் விகிதத்தில், பூமியிலிருந்து பெரிதும் மாறுபடுபவை அவைதான். அவற்றை விட்டுவிட்டு அளந்தால், கல் முழுவதற்குமான மதிப்பு என்று நீங்கள் எழுதும் எண் கல்லின் ஒரு பகுதிக்கு மட்டுமே உரியது.

இதையெல்லாம்விட ஆழமான தவறு, அளக்காததை அளந்ததுபோல எடுத்துக்கொள்வது. யுரேனியம் சிதைந்து ஈயமாகிறது, அதனால் ஈய ஐசோடோப்புகளை வைத்து வயது கணக்கிட, யுரேனியம் 238-க்கும் 235-க்கும் உள்ள விகிதம் வேண்டும். சூரியக் குடும்பம் முழுவதற்கும் அது 137.88 என்றே பல பத்தாண்டுகள் வைத்துக்கொண்டார்கள். 1969-இல் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே கல்லில் வெள்ளைத் துகள்கள் உண்டு, நமக்குத் தெரிந்த மிகப் பழைய திடப்பொருள் அந்த வகைதான். 2010-இல் பிரெனெக்காவும் உடன் ஆய்ந்தவர்களும் அவற்றில் அந்த விகிதத்தை நேரடியாக அளந்தபோது அது துகளுக்குத் துகள் மாறியது. ஒரு காலத்தில் இருந்து சிதைந்து மறைந்த கியூரியம் 247, யுரேனியம் 235-ஐ விட்டுச் சென்றதுதான் காரணம் என்று விளக்கினார்கள். இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் வயது 50 லட்சம் ஆண்டுகள் வரை கூடுதலாக வரலாம். சுமார் 456.7 கோடி ஆண்டுகளில் அது என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் கோள்களின் கருக்கள் திரண்டதே முதல் சில பத்து லட்சம் ஆண்டுகளில்தான், எது முந்தியது எது பிந்தியது என்ற வரிசையே அதில் தலைகீழாகிவிடும்.

இரும்பு விண்கற்களில் அதுவே நடந்தது. அவற்றின் வயதை டங்ஸ்டன் 182-ஐ வைத்துக் கணக்கிடுவார்கள், அது குறைவாக இருந்தால் கல் மூத்ததாக வரும். விண்வெளியில் அலைந்த காலத்தில் பட்ட காஸ்மிக் கதிர்கள் கல்லுக்குள் நியூட்ரான்களை உண்டாக்க, அவை டங்ஸ்டன் 182-இன் அளவைக் குறைத்துவிட்டன. திருத்தாமல் கணக்கிட்டபோது சில இரும்புகள் அந்த வெள்ளைத் துகள்களுக்கும் மூத்தவையாக வந்தன. பிளாட்டினம் ஐசோடோப்புகளும் இந்த நியூட்ரான்களால் மாறுபவை, அவற்றையும் சேர்த்து அளந்தால் இதைத் திருத்தலாம். ஆனால் கல்லின் மேற்பரப்பிலிருந்து எத்தனை ஆழம் என்பதைப் பொறுத்துக் கதிரின் பாதிப்பு மாறும், அதனால் இரண்டையும் ஒரே துண்டில் அளப்பதுதான் முறை.