அப்பா காட்சி வரும்போது தண்ணீர் எடுக்க அனுப்பாதீர்கள்

எனக்கு ஆறு வயதில் வேலைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. வியாசர்பாடியில் ஒரே காம்பவுண்டில் எட்டுக் குடித்தனம்; டிவி இருந்தது ஹவுஸ் ஓனர் வீட்டில் மட்டும். ஞாயிறு சாயங்காலம் தூர்தர்ஷனில் தமிழ்ப் படம். திரையில் எந்த அப்பாவாவது பிள்ளையைத் தோளில் தூக்கினால் போதும், ஹவுஸ் ஓனர் அம்மா என் பக்கம் திரும்பி, "டேய், ஒரு சொம்பு தண்ணி கொண்டாடா" என்பார். நல்ல மனசுதான். ஆனால் நான்கைந்து ஞாயிறுக்குள் எனக்குப் புரிந்துவிட்டது: தண்ணீர் கேட்டால் அப்பா காட்சி.

இப்போது தங்கை பையன் கொளத்தூரில் எங்களோடு வளர்கிறான். அவன் அப்பா மூன்று வருடத்துக்கு முன்பு மாரடைப்பில் போய்விட்டார். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சீரியல் ஓடாத வீடு உண்டா? அதனால் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ரிமோட்டைக் கீழே வையுங்கள். அவசரமாகச் சேனலை மாற்றினால், எல்லோரும் தன்னைத்தான் நினைக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அவன் முகத்தையும் பார்க்காதீர்கள். ரசம் ஊற்றச் சொல்லுங்கள், சாப்பிடுங்கள். பேசுவதை விளம்பரம் வரும்போது பேசலாம், அதுவும் கதையைப் பற்றி மட்டும். "அந்தப் பையன் ஏன்டா அவங்கப்பா சட்டைய ஒளிச்சு வச்சான்?" என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கப்பா சட்டையெல்லாம் எங்க, மாமா?" என்றான். பீரோ மேல்தட்டில் ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

இறந்த அப்பாவுக்கு சீரியலில் மாலை போட்ட போட்டோ உண்டு, பக்கத்தில் மினுக்குகிற சின்ன பல்பு உண்டு. விட்டுப்போன அப்பாவுக்கு அதுவும் கிடையாது. சாகாதவருக்கு எப்படி மாலை போடுவது? ஆனால் அவர் கதையில் என்றைக்காவது தாடியோடு வாசலில் வந்து நிற்பார். என்னைக் கெடுத்தது அந்தக் காட்சிதான். பதினான்கு வயது வரை யார் கதவைத் தட்டினாலும் முதலில் ஓடியவன் நான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் மழுப்பாதீர்கள். "கதையில வந்துடுவாங்க. உங்கப்பா வருவாரான்னு எங்களுக்குத் தெரியாது. ஏதாவது தெரிஞ்சா உன்கிட்ட மறைக்க மாட்டோம்." இவ்வளவு போதும்.

அப்புறம் ஸ்கூல் அட்மிஷன் காட்சி. அப்பா பெயர் இல்லாத விண்ணப்பத்தைத் தூக்கி எறிவார்கள், அம்மா அழுவார். பிள்ளை பயந்தால், பாஸ்போர்ட்டுக்கே 2016 டிசம்பரிலிருந்து அப்பா, அம்மா யாராவது ஒருவர் பெயர் போதும் என்று சொல்லிவையுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவும் அதையேதான் பார்க்கிறார், மறக்காதீர்கள். 2002இல் சன் டிவியில் மெட்டி ஒலி தொடங்கியது. மனைவியை இழந்த அப்பா ஐந்து பெண்களை வளர்க்கிற கதை. தெருவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துவிட்டு வந்த என் அம்மா, "நான் பண்றதத்தான் அந்த ஆளும் பண்றாரு, அவருக்கு மட்டும் ஊரே அழுவுது" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. உன் ஓவர்டைம் காசில்தானே எனக்குப் பாலிடெக்னிக் ஃபீஸ் கட்டினாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதனால் இப்போது தங்கையை அவள் பையன் எதிரிலேயே பாராட்டுகிறேன்: முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஸ்கூட்டி கற்றுக்கொண்டது, பேங்க், ஈபி எல்லாவற்றுக்கும் தனியாக அலைந்தது. "சும்மா இருண்ணா, சீரியல் பார்க்க விடு" என்கிறாள்.