மரத்தின் பசை இறுகும் இடம்: ஆமணக்குத் தண்டில் பார்க்கும் முறை

மரத்தில் செல்லுலோஸையும் ஹெமிசெல்லுலோஸையும் அசையாமல் பிடித்துவைப்பது லிக்னின். அதை உருவாக்கத் தொடங்கிவைப்பவை செல்சுவரில் இருக்கும் பெராக்சிடேஸ், லாக்கேஸ் என்ற நொதிகள். லிக்னினுக்கான சிறு மூலக்கூறுகளிலிருந்து அவை ஓர் எலக்ட்ரானைப் பறிக்கும், அவ்வளவுதான். எலக்ட்ரானை இழந்தவை தாமே ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடும். பெராக்சிடேஸுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தேவை. லாக்கேஸுக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜனே போதும்.

ஆமணக்கின் நுனித்தண்டிலும் அடித்தண்டிலும் புது பிளேடால், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய குறுக்குவெட்டுகள் எடுங்கள். பிளேடு எப்போதும் நனைந்திருக்கட்டும். வெட்டிய காயத்திலேயே செடி பெராக்சைடு சுரக்கும் என்பதால், சீவல்களை வாலைவடிநீரில் இரண்டு மூன்று முறை அலசுவது கட்டாயம்.

100 மி.லி. வாலைவடிநீரில் 0.25 கிராம் குவாயகாலைக் கரையுங்கள். இந்த நொதிகள் செயல்படும் இடத்தில் நிறம் மாறிக் காட்டும் வேதிப்பொருள் அது. மூன்று கண்ணாடித் தட்டுகளில் 10 மி.லி. வீதம் ஊற்றி, முதல் தட்டில் சீவல்களோடு மருந்துக்கடை 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1 மி.லி. சேருங்கள். இரண்டாவதில் சீவல் மட்டும். மூன்றாவதில் 10 நிமிடம் கொதிக்கவைத்த சீவலும் அதே அளவு பெராக்சைடும். சில நிமிடங்களில் முதல் தட்டுச் சீவல் செங்கபில நிறமாகும். இரண்டாவதும் மெதுவாக நிறம் மாறினால் லாக்கேஸ் இருக்கலாம். சரியாக அலசாவிட்டாலும் அப்படி ஆகும். மூன்றாவது நிறம் மாறினால் கொதித்தது போதவில்லை. அரைகுறையாகச் சூடான பெராக்சிடேஸ் ஆறியதும் மீண்டும் உயிர்பெறும். நிறம் வரவில்லையே என்று பெராக்சைடைக் கூட்டாதீர்கள், மிகுந்தால் அதுவே நொதியைக் கெடுக்கும்.

லிக்னினைக் காண வேறு சீவல்கள் எடுங்கள். குவாயகாலின் கபிலம் சிவப்பை மறைத்துவிடும். 50 மி.லி. 95% எத்தனாலில் 1 கிராம் ஃபுளோரோகுளூசினால் கரைத்து, சீவலை அதில் 2 நிமிடம் ஊறவையுங்கள். பிறகு ஒரு சொட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், லிக்னின் உள்ள இடம் செர்ரிச் சிவப்பாகும். நிறம் வெளுத்துவிடும், உடனே படமெடுங்கள். அமிலத்தை ஆய்வகத்தின் ஆவி உறிஞ்சும் பெட்டிக்குள் (fume hood), கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்தே கையாள வேண்டும். அதன் ஆவி நுண்ணோக்கி லென்ஸையும் அரிக்கும், ஆகவே சீவல்மேல் மூடுவில்லை (மெல்லிய கண்ணாடித் தகடு) போடாமல் பார்க்காதீர்கள்.

இரண்டு நிறங்களையும் அருகருகே வையுங்கள். பெராக்சிடேஸுக்கு வேறு வேலைகளும் உண்டு, கபிலம் தெரிந்த இடமெல்லாம் மரமாகிவிடாது. நுனித்தண்டில் கபிலம் பரவலாக இருந்தும் சிவப்பு சில நாளங்களில் (நீர் கடத்தும் குழாய்களில்) மட்டும் புள்ளியாக நிற்கும். அடித்தண்டில் அந்தச் சிவப்பு முழு வளையமாகும்.