பரோக் குழலிசையை அக்காலக் கருவிகளில் கேட்பது எப்படி

பரோக் காலக் (ஏறக்குறைய 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசைக்காலம்) குழலிசையை அக்காலத்துக் கருவிகளில் வாசித்த ஒலிப்பதிவை முதன்முறையாகக் கேட்பவர்களில் பலர், அதைச் சற்று மங்கலான, வலுக்குறைந்த ஒலி என்று கருதி விலகிவிடுகிறார்கள். இக்கால வெள்ளிக் குழலுக்குக் காது பழகியிருப்பதே அதற்குக் காரணம். வெள்ளிக் குழலில் எல்லா ஸ்வரங்களும் ஏறக்குறைய ஒரே பருமனிலும் ஒரே பளபளப்பிலும் வரும். பழைய மரக்குழலிலோ ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி நிறமும் தனி எடையும் உண்டு. அக்கால இசையமைப்பாளர்கள் அதை நன்கு அறிந்துதான் எழுதினார்கள். இந்த இசையைக் கேட்கப் பழகுவது என்பது பெரும்பாலும் அந்த ஏற்றத்தாழ்வைப் பின்தொடரப் பழகுவதுதான். கருவியின் அமைப்பு சிறிதளவாவது தெரிந்திருந்தால் இது எளிதாகும் என்பதால் முதலில் அதைப் பார்ப்போம்.

டிராவெர்ஸோ என்று இன்று அழைக்கப்படும் அந்தக் குழல், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் உருப்பெற்றது. குழல் செய்வதிலும் வாசிப்பதிலும் தேர்ந்த ஓத்தெத்தேர் குடும்பத்தாரின் பெயர் அதனோடு சேர்த்துப் பேசப்படுகிறது. அதற்கு முந்தைய குழலின் உட்புறம் நேரான உருளையாக இருந்தது. ஆறு விரல்துளைகள் மட்டுமே இருந்தன. புதிய குழலின் உட்புறம் தலைப்பகுதியைத் தாண்டியதும் அடிநோக்கிப் படிப்படியாகக் குறுகியது. வலக்கைச் சுண்டுவிரலுக்கென ஒரே ஒரு உலோக விசையும் சேர்ந்தது. பாக்ஸ்வுட், கருங்காலி, தந்தம் ஆகியவற்றில் இவற்றைச் செய்தார்கள். ஆறு துளைகளையும் மூடி ஊதினால் டி என்ற ஸ்வரம் வரும். கீழிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டே போனால் டி மேஜர் வரிசை திறந்த குரலில் கிடைக்கும். எஃப், ஜி ஷார்ப், பி ஃப்ளாட் ஆகியவை அந்த வரிசையில் இல்லை. அவற்றை வாசிக்க, ஒரு துளையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழே உள்ள துளைகளில் சிலவற்றை மூட வேண்டும். அப்படிப் பிடிக்கும்போது திறந்த துளையில் காற்று தாராளமாக வெளியேற முடியாது. அதனால் ஸ்வரம் மென்மையாகவும் மூடலாகவும் வரும். தியோபால்ட் போம் 1847இல் வடிவமைத்த உருளை வடிவ உலோகக் குழல் இந்த வேறுபாட்டைத்தான் பெருமளவு நீக்கியது. நீக்கியதில் ஆதாயம் மட்டுமே இருந்தது என்று நான் கருதவில்லை.

அடுத்தது ஒலியளவு. ஒலிப்பதிவுகளைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்துக் கேட்பதுதான் இந்த இசைக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல். இவை சிறிய கூடங்களிலும் அரண்மனை அறைகளிலும் சிலர் கூடியிருந்து கேட்பதற்காக எழுதப்பட்டவை. சரியான அளவைக் கண்டுபிடிக்கக் குழலை வைத்துக் கணக்கிடாதீர்கள், உடன் வாசிக்கும் விசைப்பலகைக் கருவியான ஹார்ப்சிகார்டை வைத்துக் கணக்கிடுங்கள். அந்தக் கருவியில் விசையை அழுத்தினால் சிறு முள் ஒன்று தந்தியைச் சுண்டிவிடும். எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் சத்தம் பெரிய அளவில் அதிகரிக்காது. அது உங்கள் அறையின் மறுகோடியில் இருந்தால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு கேட்டால் போதும். முதல் சில நிமிடங்களுக்குப் போதாதது போலத் தோன்றும். பிறகு காது தானே கூர்மையாகி, வாசிப்பவர் மூச்சை இழுக்கும் ஒலி, செல்லோவின் வில் தந்தியைத் தொடும் ஒலி எல்லாம் அளவோடு வந்து சேரும். வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்பதற்கு ஏற்ற இசையாகவும் இதை நினைக்க வேண்டாம்; அப்படிக் கேட்டால் எல்லாப் பதிவுகளும் ஒன்றுபோலவே தோன்றும்.

தொடங்குவதற்கு யோகான் செபாஸ்டியன் பாக் எழுதிய இ மைனர் சொனாட்டாவை (பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்பு) பரிந்துரைப்பேன். பாக்கின் படைப்புப் பட்டியலில் அதன் எண் பி.டபிள்யூ.வி. 1034. அதன் மூன்றாம் பகுதியான ஆண்டாந்தேயை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று முறை கேளுங்கள். முதல் முறை குழலை விட்டுவிட்டுப் பாஸ் எனும் கீழ் வரியை மட்டும் பின்தொடர வேண்டும். அந்த வரிதான் முதலில் தொடங்குகிறது. ஏறக்குறைய ஒரே நடையில், சிறு மாறுதல்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. குழல் சற்றுப் பொறுத்தே வந்து சேர்கிறது. இரண்டாம் முறை, அந்த நடையின் மேல் குழலின் நீண்ட வாக்கியங்கள் எங்கே தொடங்கி எங்கே மூச்சு விடுகின்றன என்று கேளுங்கள். மூன்றாம் முறை ஹார்ப்சிகார்டின் வலக்கை. இது சற்றுக் கடினம், ஆனால் சுவையானது. ஏனெனில் அந்த வலக்கை வாசிப்பதை பாக் எழுதி வைக்கவில்லை.

பாஸோ கன்டின்யுவோ என்ற அந்த முறையைத் தெரிந்துகொள்ளாமல் பரோக் அறையிசையைக் கேட்பது பாதி கேட்பதுதான். இசையமைப்பாளர் கீழ் வரியை மட்டும் எழுதி, அதனருகில் 6, 7, 4 என எண்களைக் குறிப்பார். செல்லோவோ, முழங்கால்களுக்கிடையே பிடித்து வில்லால் வாசிக்கும் வயோலா ட காம்பாவோ அந்த வரியை அப்படியே வாசிக்கும். ஹார்ப்சிகார்ட் வாசிப்பவர் இடக்கையால் அதே வரியை வாசித்தபடி, எண்களைப் பார்த்து வலக்கையில் ஸ்வரக்கூட்டுகளை அந்தந்த நேரத்தில் அமைத்துக்கொள்வார். சில குழுக்களில் தியோர்போ என்ற நீள் கழுத்து லூட்டும் (விரலால் மீட்டும் தந்திக் கருவி) இப்பணியைச் செய்யும். எனவே ஒரே சொனாட்டாவின் இரண்டு பதிவுகளில் குழல் வரி ஒன்றாக இருக்க, துணை முற்றிலும் வேறாக இருக்கும். குழல் மூடலான ஸ்வரத்தில் நிற்கும்போது நல்ல ஹார்ப்சிகார்ட் கலைஞர் ஸ்வரக்கூட்டைக் குறைத்துக்கொள்வார், அல்லது ஒரே அடியாக அடிக்காமல் ஒவ்வொரு ஸ்வரமாக அவிழ்த்துவிடுவார். துணையில் இந்த அடக்கம் இருக்கிறதா என்பதை வைத்தே ஒரு பதிவை மதிப்பிடலாம்.

நிறவேறுபாட்டுக்குக் காதைப் பழக்கச் சிறந்த வழி, பாக்கின் இரண்டு படைப்புகளை அடுத்தடுத்துக் கேட்பது. முதலாவது பி மைனர் சொனாட்டா, பி.டபிள்யூ.வி. 1030. டி மேஜருக்கு நெருங்கிய உறவு கொண்ட பி மைனர், இந்தக் குழலுக்கு வசதியானது. இரண்டாவது, 1747இல் வெளியான ‘இசைக் காணிக்கை’யில் உள்ள டிரியோ சொனாட்டா, குழல், வயலின், கன்டின்யுவோவுக்கு எழுதப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் போட்ஸ்டாமில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் கொடுத்த கருப்பொருளின் மேல் பாக் அங்கேயே வாசித்துக் காட்டினார். பின்னர் அதையே விரித்தெழுதி மன்னருக்குக் காணிக்கையாக்கினார். மன்னர் குழல் வாசிப்பவர். அவருடைய ஆசிரியர் யோகான் யோவாகிம் குவான்ட்ஸ். அப்படிப்பட்டவருக்கு பாக் தேர்ந்தெடுத்தது சி மைனர். அதில் ஏ ஃப்ளாட் (ஜி ஷார்ப்பின் மறுபெயர்), பி ஃப்ளாட், எஃப் ஆகிய மூன்றும் மேலே சொன்ன சுற்றுவழிப் பிடிப்பில் வருபவை. முதல் பகுதியான லார்கோவில், வயலினும் குழலும் ஒரே சொற்றொடரை மாறி மாறிச் சொல்லும் இடங்களைக் கவனியுங்கள். வயலினில் சீராக வந்த வரி, குழலில் வரும்போது ஒரு ஸ்வரம் பின்வாங்கி, அடுத்தது முன்னே வந்து, உள்ளுக்குள்ளேயே நிழல் விழுந்ததாக இருக்கும். வெள்ளிக் குழலில் இந்தத் துயரத்தை வாசிப்பவர் வலிந்து உண்டாக்க வேண்டும். மரக்குழலில் அது விரல்பிடிப்பிலேயே இருக்கிறது. இந்த சொனாட்டாவின் இரண்டாம் பகுதியில் மன்னரின் கருப்பொருள் நீண்ட ஸ்வரங்களாகப் பாஸில் வருவதைக் கண்டுபிடித்துவிட்டால், பாஸைக் கேட்கும் பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டதென்று வைத்துக்கொள்ளலாம்.

பிரெஞ்சு இசைக்கு வேறு வகையான கவனம் வேண்டும். குழலும் கன்டின்யுவோவும் சேர்ந்து வாசிப்பதற்கான தனி இசைத் தொகுப்பை மிஷேல் த லா பார் 1702இல் பாரிசில் வெளியிட்டார். ஜாக் ஓத்தெத்தேர் 1707இல் இந்தக் குழலுக்கான பயிற்சி நூலை வெளியிட்டார். ஏட்டில் சமமாக எழுதப்பட்ட ஜோடி ஸ்வரங்களில் முதலாவதைச் சற்று நீட்டி, இரண்டாவதைச் சற்றுக் குறுக்கி வாசிப்பது பிரெஞ்சு வழக்கம். எவ்வளவு நீட்டுவது என்பது வாசிப்பவரின் ரசனை. நாக்கினால் ஸ்வரத்தைத் தொடங்குவதிலும் ‘து’, ‘ரு’ என்ற இரண்டு அசைகளை ஓத்தெத்தேர் கற்பிக்கிறார். இவ்விரண்டும் கலந்து வருவதால் குழல் பேசுவதைப் போலவே ஒலிக்கிறது.

நீண்ட ஸ்வரங்களில் வரும் அசைவையும் கூர்ந்து கேளுங்கள். இக்காலக் குழலில் ஏறக்குறைய இடைவிடாமல் வரும் மூச்சு அதிர்வு இங்கே இல்லை. அதற்குப் பதிலாக ஃபிளாத்மான் என்ற அணி (ஸ்வர அலங்காரம்) உண்டு: ஒலிக்கும் ஸ்வரத்துக்குக் கீழே உள்ள ஒரு துளையின் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டு எடுப்பார்கள். சுருதி கீழ்நோக்கி மட்டும் மிக மெலிதாகச் சாய்ந்து மீளும். எல்லாத் துளைகளும் மூடியிருக்கும் கீழ் டியில் தட்டுவதற்குத் துளை மிச்சமில்லை. ஆகவே அங்கே குழலையே கையால் அசைக்க வேண்டும் என்கிறார் ஓத்தெத்தேர். ஒரு நீண்ட ஸ்வரம் அசைவின்றித் தொடங்கி, நடுவில் பருத்து, முடிவதற்குள் ஒருமுறை இந்த அணியைப் பெறுவதைக் கேட்டுவிட்டால், தொடர்ந்து அதிரும் ஒலி சலிப்பூட்டத் தொடங்கும். இதை ஓர் எச்சரிக்கையாகவே சொல்கிறேன். பிரான்சுவா கூப்பெரான் 1722இல் வெளியிட்ட ‘அரச கச்சேரிகள்’ இதற்கு ஏற்றவை. அவை எந்தக் கருவிகளுக்கு என்று கண்டிப்பாக வரையறுக்கப்படாதவை என்பதால், குழல் இடம்பெறும் பதிவைத் தேடி எடுக்க வேண்டும்.

மெதுவான பகுதிகளில் ஏட்டில் இருப்பது எவ்வளவு, வாசிப்பவர் சேர்ப்பது எவ்வளவு என்ற கேள்வி எல்லோருக்கும் எழும். கேயோர்க் ஃபிலிப் டெலிமான் 1728இலும் 1732இலும் ஆறு ஆறாக வெளியிட்ட ‘முறைமை சொனாட்டாக்கள்’ இதற்கு நேரடியான விடை. ஒவ்வொன்றின் முதல் பகுதியிலும் எளிய வரியை ஒரு வரிசையிலும், அதையே அணிகளால் நிரப்பிய வரியை அதற்கடுத்த வரிசையிலும் அச்சிட்டிருக்கிறார். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிந்தவர்கள் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். தெரியாதவர்களும் பக்கத்தைப் பார்த்தாலே போதும். மேலே இரண்டு புள்ளிகள் இருக்கும் இடத்தில் கீழே பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் நெருங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியும். இதைப் பார்த்த பிறகு வேறெந்த மெதுவான பகுதியைக் கேட்டாலும், அணிகளுக்கு அடியில் இருக்கும் எளிய எலும்புக்கூட்டைக் காது தேடத் தொடங்கும். குறிப்பாக, ஒரு பகுதியைத் திரும்ப வாசிக்கும்போது என்ன மாறுகிறது என்று கேளுங்கள். திரும்பும்போதும் அச்சாக அப்படியே வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு அறையிசையின் உச்சம் டெலிமானின் பாரிஸ் குவார்டெட்டுகள். 1730இல் ஹாம்பர்கில் ஆறு, 1738இல் பாரிசில் ஆறு வெளியாயின. குழல், வயலின், வயோலா ட காம்பா அல்லது செல்லோ, கன்டின்யுவோ என நான்கு தரப்பு. இதில் துணைக்கருவி என்று எதையும் ஒதுக்க முடியாது. காம்பா சட்டென்று மேலேறி மற்ற இருவரோடும் சரிக்குச் சரியாக வாதாடும். மிஷேல் பிளாவே குழலும் ஃபோர்க்கரே காம்பாவும் வாசித்ததைப் பாரிசில் டெலிமான் நேரில் கேட்டு மகிழ்ந்தார். 1738 தொகுப்புக்கு முன்பணம் செலுத்தியவர்களின் பட்டியலில் லைப்சிக் நகரத்து பாக்கின் பெயரும் இருக்கிறது. பன்னிரண்டில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், இறுதியாக உள்ள இ மைனர் குவார்டெட்டின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு முறையும் ஒரு கருவியை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவுவரை செல்வது நல்ல பயிற்சி. பார்டோல்ட், சிகிஸ்வால்ட், வீலாண்ட் என்ற குய்க்கன் சகோதரர்கள் மூவரும் ஹார்ப்சிகார்டில் குஸ்டாவ் லியோன்ஹார்டுடன் சேர்ந்து செய்த பதிவு இன்றும் என் முதல் தேர்வு.

பதிவுகளைத் தேர்ந்தெடுக்கும்போது அதனோடு வரும் குறிப்பேட்டைப் பாருங்கள். குழல் யாருடைய மாதிரியில் செய்யப்பட்டது என்று அதில் இருக்கும். லண்டனின் பிரெஸான், நூரெம்பெர்கின் டென்னர், பிரஸ்ஸல்ஸின் ரோட்டன்பர்க், டிரெஸ்டனின் கிரென்சர் ஆகிய பெயர்கள் அடிக்கடி வரும்; காலப்போக்கில் இவற்றின் குரல் வேறுபாடு பிடிபடும். சுருதியும் குறிக்கப்பட்டிருக்கும். இன்றைய பொது அளவு ஏ ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ். பரோக் குழுக்கள் பெரும்பாலும் 415 வைத்துக்கொள்கின்றன, அதாவது அரை ஸ்வரம் கீழே. பிரெஞ்சு இசைக்கு 392 வரை இறங்குவதும் உண்டு. அக்காலத்தில் ஊருக்கு ஊர் சுருதி மாறியது. அதற்காகவே குழல் செய்பவர்கள் நீளம் வேறுபட்ட பல நடுத்துண்டுகளை ஒரே குழலுக்குச் செய்து கொடுத்தார்கள். 415 என்பது நம் காலத்தவர் வசதிக்காக ஏற்றுக்கொண்ட எண் என்பதால், அதிலேயே புனிதம் எதுவும் தேட வேண்டியதில்லை.

நேரில் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால் மேடைக்கு அருகில் உட்காருங்கள். பெரிய அரங்கின் பின்வரிசைக்கு இந்தக் குழலின் கீழ் ஸ்வரங்கள் வந்து சேருவது அரிது. கருவிகளுக்கிடையே சுருதி சேர்க்கும் நேரம் நீளமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வயலினிலும் காம்பாவிலும் இருப்பவை குடல்நரம்புத் தந்திகள். அறையின் ஈரப்பதம் மாறினால் அவற்றின் சுருதி மாறிவிடும். குழலோ மூச்சின் சூட்டில் மெல்ல மேலேறும். கச்சேரியின் நடுவில் ஹார்ப்சிகார்டுக்குச் சுருதி சேர்ப்பது எளிதல்ல என்பதால் மற்றவர்கள்தான் அதற்கு இணங்கிப் போக வேண்டும். அந்த இடைவேளையில் குழல்காரர் தலைப்பகுதியை எவ்வளவு இழுத்துவிடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.