அறிவுசார் குறைபாடுள்ள குழந்தையைப் புரிந்துகொண்டு பழக்குதல்

ஒன்றரை வயதாகியும் நடக்காத, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையை, ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று வீட்டில் வைத்திருக்காமல், உதகை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, செவித்திறனையும் தைராய்டு சுரப்பையும் முதலில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அறிவுசார் குறைபாடு நோயன்று; நுண்ணறிவு ஈவு (IQ எனப்படும் அறிவுத்திறன் அளவு) ஏறத்தாழ 70-க்குக் கீழ் இருப்பதோடு, அன்றாடச் செயல்களிலும் தடுமாற்றம் இருந்தால்தான் அவ்வாறு கணிப்பார்கள்.

பழக்குவதில் பெற்றோரின் பங்கே பெரிது. கோத்தகிரிக் குளிரில் ஸ்வெட்டர் அணியப் பழக்குவதானால், தலையையும் கைகளையும் நீங்களே நுழைத்துவிட்டு, மார்பில் சுருண்டிருக்கும் ஓரத்தை இடுப்புவரை இழுப்பதை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். அது கைவந்தபின் ஒரு கையை, பிறகு மறு கையை என்று கடைசிப் படியிலிருந்து முதற்படிக்கு வாருங்கள். தேயிலை பறிக்கச் செல்லும் அவசரத்தில் நீங்களே உடுத்திவிடத் தோன்றும், தயவுசெய்து பொறுத்திருங்கள். குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ எனச் சான்றளிக்கப்பட்டால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி பெற உரிமையுண்டு.