வடிகாலை ஆழப்படுத்தும் முன்: மழைநீர், ஓடை, நிலத்தடி நீர் பற்றிப் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவி நிர்வாகி ஒருவர், வெட்டி முடித்த வடிகாலின் படத்தைக் கைப்பேசியில் எனக்கு அனுப்பியிருந்தார். பள்ளத்தில் நீர் தேங்கியதால் மூன்று அடி ஆழப்படுத்தியதாகவும், இப்போது மழை இல்லாத நாளிலும் நீர் அருமையாக ஓடுவதாகவும் எழுதியிருந்தார். படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏறத்தாழ அதே ஆழத்தை, அதே காரணத்துக்காக, அதே பெருமையோடு ஒரு காலத்தில் வெட்டியவன் நான்.

அதே மாநிலத்து ரெங்கம் வட்டாரத் தோட்டங்களில் வெளிக் கிராணியாக (வெளிவேலைகளைக் கணக்கெழுதிப் பார்ப்பவனாக) தொடங்கி, வடிகால், கிணறு, நாற்றங்கால் நீர் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே என் வேலைக்காலம் கழிந்தது. ஓய்வுக்குப் பின் இளைஞர்கள் சிலர் ஐயம் கேட்டு வருகிறார்கள். மழைமானியை மரத்தடியில் வைப்பது, அளவை எழுத மறப்பது போன்ற பிழைகளைப் பற்றி இங்கே நான் எழுதப் போவதில்லை. அவற்றை எவரும் ஒரு மாதத்தில் தாமே திருத்திக்கொள்வார்கள். தாமாகத் திருத்திக்கொள்ள வாய்க்காதவை சில உண்டு. தவறு செய்த நாளில் அவை தவறாகவே தெரியாது.

வெள்ளத்தில் ஓடுவது முழுவதும் அன்றைய மழை என்று எண்ணுவது

பிற்பகலில் இடியோடு மழை கொட்டுகிறது. ஒரு மணி நேரத்தில் ஓடை செந்நிறமாகப் பெருகுகிறது. மேட்டில் விழுந்த மழை மண்ணின் மேலேயே வழிந்து ஓடைக்கு வந்துவிட்டது என்று கண்ணால் பார்த்ததைப் போலவே அனைவரும் சொல்வார்கள். மண் உறிஞ்சும் வேகத்தைவிட மழையின் வேகம் மிகும்போது நீர் மேற்பரப்பில் ஓடும் என்று அமெரிக்க நீரியலாளர் ராபர்ட் ஹார்ட்டன் 1933ஆம் ஆண்டிலேயே விளக்கினார். அது உண்மைதான், ஆனால் எல்லா நிலத்துக்கும் அது பொருந்துவதில்லை. எங்கள் ஊரின் பெயரையே தாங்கிய ரெங்கம் மண் வகை, கருங்கல் சிதைந்து உண்டான ஆழமான மண். மூடுபயிரும் வெட்டிப் போட்ட மட்டைகளும் அதன்மேல் கிடந்தால் நல்ல மழையையும் குடித்துவிடும். வழிந்தோடும் நீர் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, டிராக்டர் ஏறி இறுகிப்போன சாலைகளும் குலை அறுப்பவர்களின் நடைபாதைகளும். மற்றொன்று, நிலத்தடி நீர் ஏற்கெனவே மேலே வந்து நிற்கும் பள்ளத்தின் அடிப்பகுதி. நிறைந்த குடத்தில் ஊற்றிய நீர் வழிவதைப் போல, அங்கே விழும் துளி மண்ணுக்குள் இறங்க இடமின்றி அப்படியே ஓடைக்குப் போகும். மழை நீடித்தால் அந்த ஈரப்பகுதி விரியும்; வெயில் காய்ந்தால் சுருங்கும்.

எஞ்சியது இன்னும் வியப்பானது. 1979ஆம் ஆண்டில் ஸ்கிளாஷ், ஃபார்வோல்டன் என்ற இரு ஆய்வாளர்கள் கனடாவின் சிறு ஓடைகளில் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) கொண்டு ஆராய்ந்தபோது, வெள்ள நேரத்திலும் ஓடையில் பெரும்பங்கு ஏற்கெனவே நிலத்துக்குள் இருந்த பழைய நீர்தான் என்று கண்டார்கள். புதிய மழை உள்ளே இறங்கியதும் நிலத்தடி நீர்மட்டம் எழுந்து, பழைய நீரை ஓடைக்குள் தள்ளிவிடுகிறது. எல்லா நிலங்களிலும் பங்கு ஒன்றாக இராது. வெப்பமண்டல மலைச்சரிவுகளில் புதிய நீரின் பங்கு கூடிய இடங்களும் உண்டு. உங்கள் ஓடை எப்படிப்பட்டது என்பதை மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவி ஒன்றைக் கொண்டே ஓரளவு அறியலாம். மழைநீரில் அந்த எண் மிகக் குறைவாக இருக்கும், மண்ணில் தங்கி வந்த நீரில் கூடுதலாக இருக்கும். வெள்ளத்தில் எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

பள்ளத்துச் சதுப்பை வடித்துவிடுவது

இதைப் பற்றி எழுதும்போது இன்னும் எரிச்சல் வருகிறது. பாதி என்மேல், பாதி அன்று என்னைப் பாராட்டியவர்கள்மேல்.

எங்கள் பிரிவில் இரண்டு மேடுகளுக்கு நடுவே ஏறத்தாழ 10 ஹெக்டேர் பள்ளம் ஒன்று இருந்தது. சரிவில் செம்பனை, அடியில் சேம்பும் கோரையும் மண்டிய சதுப்பு, நடுவே ஓடை. கனமழை பெய்தால் பள்ளத்து மரங்களுக்கிடையே முழங்காலளவு நீர் நிற்கும். அறுத்த குலையை வெளியே கொண்டுவர வழியின்றி அழுகவிட்ட நாட்கள் உண்டு. 2013ஆம் ஆண்டின் கடைசி மழைக்குப் பின் மேலாளர் என்ன செய்யலாம் என்று கேட்டார். ஓடையையும் அதில் சேரும் பக்க வடிகால்களையும் ஒரு மீட்டர் ஆழப்படுத்தினால் போதும் என்று யோசனை சொன்னவன் நானே. எக்ஸ்கவேட்டர் நான்கு நாட்கள் வேலை செய்தது.

முதல் சில வாரங்கள் எங்களை முழுதாக ஏமாற்றின. சதுப்பு காய்ந்தது, லாரி உள்ளே போனது. அதைவிட, மழையே இல்லாத ஜனவரி நாட்களிலும் வடிகாலில் முன்னைவிடக் கூடுதலாக நீர் ஓடியது. மண் அடைத்திருந்த ஊற்றுக்கண்களைத் திறந்துவிட்டோம் என்று நான் அலுவலகத்தில் விளக்கம்கூடச் சொன்னேன்.

2014ஆம் ஆண்டின் பிப்ரவரி, மார்ச் மாத வறட்சியைத் தீபகற்பத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிலாங்கூரில் குழாய்நீரையே முறைவைத்துப் பங்கிட்ட ஆண்டு அது. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் எங்கள் வடிகாலின் மேல்பகுதி வறண்டு, மீன் செத்துக் கிடந்தது. லயத்திலிருந்து (தொழிலாளர் குடியிருப்பிலிருந்து) வந்த ஓர் அம்மா, “கிராணி ஐயா, கெணத்துக் கயிறு எட்டல” என்றார். குழாய்நீர் வந்த பிறகும் துவைக்கவும் கோழிக்கும் தோட்டத்துக்கும் அந்தக் கிணற்றைத்தான் அவர்கள் நம்பியிருந்தார்கள். கயிற்றை நீட்டச் சொன்னேன். மறு வாரம் வாளி சேற்றில் இடித்தது. நாற்றங்கால் மோட்டார் காற்றை இழுத்தது. இளங்கன்றுகளைக் காப்பாற்ற லாரியில் நீர் வாங்கினோம். எத்தனை ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) என்று சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. சரிவில் ஒரு செம்பனைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளத்து மரங்கள்தாம் அடுத்த ஆண்டு குலை தராத ஆண்பூவாகத் தள்ளின.

நடந்தது இதுதான். மேட்டில் விழும் மழையில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, சிதைந்த கருங்கல்லின் இடுக்குகள் வழியாக வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மெல்ல நகர்ந்து, பள்ளத்தின் ஓரத்தில் ஊறி வெளிப்படுகிறது. வறண்ட மாதங்களில் ஓடையில் ஓடுவது அந்த ஊறல் ஒன்றே. ஓடைக்கென்று வேறு வரவு கிடையாது. நீர் எவ்வளவு வேகமாக நகரும் என்பது மட்டத்தின் சரிவைப் பொறுத்தது என்பதைப் பிரான்சின் டிஜோன் நகரில் ஆன்ரி டார்சி என்ற பொறியாளர் 1856ஆம் ஆண்டிலேயே எண்ணாலும் குழாயாலும் காட்டிவிட்டார். வடிகாலின் அடியை ஒரு மீட்டர் இறக்கினால் மேட்டுக்கும் வடிகாலுக்கும் இடையிலுள்ள அந்தச் சரிவு கூடுகிறது; நீர் விரைந்து வடிகிறது. நான் ஊற்றுக்கண் திறந்தது என்று பெருமைப்பட்ட நீர், மார்ச் மாதத்துக்காக நிலம் வைத்திருந்த நீர். அதை ஜனவரியிலேயே செலவழித்துவிட்டேன்.

கணக்கையும் பாருங்கள். 10 ஹெக்டேர் நிலத்தில் நிலத்தடி நீர்மட்டம் சராசரியாக அரை மீட்டர் இறங்கியது என்றும், அந்த மண் வடியவிடக்கூடிய நீர் அதன் பருமனில் பத்தில் ஒரு பங்கு என்றும் வைத்துக்கொண்டால், வெளியேறியது 5,000 கன மீட்டர், அதாவது 50 லட்சம் லிட்டர். வறட்சியில் அந்த ஓடை நொடிக்கு 2 லிட்டர் ஓடும் என்றால் அது ஏறத்தாழ ஒரு மாத ஓட்டம். எங்கள் கிணறு வறண்டு கிடந்ததும் ஏறக்குறைய அவ்வளவு நாட்கள்தாம். இந்தப் பொருத்தம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

வெள்ளமாவது குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. எங்கள் பள்ளத்தில் நின்று மெல்லப் போன நீர், இப்போது ஒரே மூச்சில் கீழே இருந்த கம்பத்து (மலாய்க் கிராமத்து) சாலையின்மேல் ஏறியது.

செய்திருக்க வேண்டியது மிகச் சிறியது. துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்களை ஓடைக்குக் குறுக்காக ஒரே கோட்டில் நட்டு, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து, ஒரு மழைக்காலத்தையும் ஒரு வறட்சியையும் பார்த்திருக்க வேண்டும். வேர்ப்பகுதியில் நீர் நில்லாமல், மட்டம் அரை மீட்டரிலிருந்து முக்கால் மீட்டர் ஆழத்தில் நின்றால் செம்பனைக்குக் குறையில்லை. தேங்கும் மேல்நீரை வெளியேற்ற ஆழமற்ற பக்க வடிகால்களே போதுமாயிருந்தன. ஓடையின் அடியைத் தொட்டிருக்கவே கூடாது.

கிணற்று நீரையும் ஓடை நீரையும் இரண்டு கணக்கில் எழுதுவது

கிணறு வறண்டதும் ஓடைக்கரையிலிருந்து முப்பது அடி தள்ளி ஆழ்துளைக் கிணறு போடலாம் என்று ஒருவர் சொன்னார். “அது கீழ்த்தண்ணீர், இது மேல்தண்ணீர்” என்பது அவர் வாதம். ஆழ்துளைக் கிணற்றில் இறைக்கும் ஒவ்வொரு லிட்டரும் எங்கிருந்தோ குறைந்தாக வேண்டும் என்று அமெரிக்க நீரியலாளர் சார்ல்ஸ் தைஸ் 1940ஆம் ஆண்டில் எழுதினார். ஒன்று நிலத்தின் இருப்பு குறையும், அல்லது ஓடைக்கும் ஊற்றுக்கும் போகும் நீர் குறையும், அல்லது நிலத்துக்குள் இறங்கும் நீர் அதிகரிக்க வேண்டும். கரையருகே இறைத்தால் முதலில் ஓடைக்கு வரவேண்டியதை வழிமறிக்கிறீர்கள். தொடர்ந்து இறைத்தால் ஓடையின் நீரே மண்ணுக்குள் திரும்பிக் கிணற்றுக்குப் போகும். இறைப்பதை நிறுத்திய பிறகும் சில காலம் அந்த இழப்பு தொடரும் என்பதால், மோட்டாரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

மிதவையின் வேகத்தை அப்படியே எழுதுவது

ஓடையின் ஓட்டத்தை அறிய மிதக்கவிடும் பொருள் காட்டுவது மேற்பரப்பு வேகம் மட்டுமே; சராசரி வேகத்துக்கு 0.85ஆல் பெருக்குங்கள்.

இறைத்த உடனே கிணற்றை அளப்பது

விடியலில், முதல் வாளிக்கு முன் அளக்கவும்.

சிறு மழைக்குக் குழாயில் மட்டம் ஏறியதும் மகிழ்வது

10 மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்கினாலே மட்டம் 10 சென்டிமீட்டர் ஏறக்கூடும், ஏனெனில் மண்ணில் காலியாக இருக்கும் இடம் அவ்வளவு சிறியது. இறங்குவதும் அதே விரைவில்தான். ஓர் அளவை நம்பாமல், மூன்று வாரப் போக்கைப் பாருங்கள்.

மேட்டு நிலத்து அளவுகளைக் கடலோரத்துக்குக் கொண்டுபோவது

பத்து பஹாட், பொந்தியான் பக்கங்களில் கரிச்சதுப்பும் (மட்கிய தாவரங்கள் சேர்ந்த மண்ணும்) கந்தகம் கலந்த கடற்களிமண்ணும் உண்டு. கரிச்சதுப்பு காய்ந்தால் அமுங்கும், தீப்பிடிக்கும், மீண்டும் எழாது. களிமண்ணில் உள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகி, வடிகால் நீரின் பி.எச். அளவு 4க்கும் கீழே போகும். அங்கே ஆழம் தவறினால் நீர் மட்டுமன்று, மண்ணும் போகும்.

சுண்ணாம்புக்கல் நிலத்திலும் இதையே எதிர்பார்ப்பது

பேராக் மாநிலத்தின் சுண்ணாம்புக்கல் நிலமான கிந்தா பள்ளத்தாக்கில் வேலை செய்பவர்கள் நான் சொன்ன எதையும் நம்ப வேண்டாம். அங்கே ஓடை குகைக்குள் நுழைந்து வேறிடத்தில் வெளிவரும்.

ஏற்கெனவே வெட்டிவிட்டவர்கள் செய்யும் அடுத்த தவறு

ஒரே இடத்தில் உயரமான தடுப்பை எழுப்புவது. முதல் பெருமழையிலேயே அது பக்கவாட்டில் அறுத்துக்கொண்டு போகும். எங்களுடையது அப்படித்தான் போனது. மணல் மூட்டைகளைப் பல படிகளாக, ஒரு படிக்கும் அடுத்ததற்கும் ஒரு சாணுக்கு மேல் உயர வேறுபாடு இல்லாமல், வடிகாலின் மேல்பகுதியிலிருந்து கீழ்நோக்கி அடுக்க வேண்டும். நடுப்பகுதியைச் சற்றுத் தாழ்வாக விட்டால் வெள்ளம் கரையைத் தொடாமல் நடுவே ஏறிப் போகும். மூட்டையின் அடியில் நீர் கசிந்தால் பதற வேண்டாம். மட்டம் நின்றால் போதும், ஓட்டம் நிற்க வேண்டியதில்லை. எங்கள் பள்ளத்தில் கிணற்று நீர் பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு மழைக்காலங்கள் பிடித்தன.

குளுவாங் இளைஞர் நேற்று முதல் மூன்று படிகளை அடுக்கிவிட்டு மீண்டும் படம் அனுப்பியிருக்கிறார். நடுவே தாழ்வாக விட மறந்திருக்கிறார். இன்று மாலை பேச வேண்டும்.