காட்சியைத் தேடி ஓடுவோர் மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலிமுகத்திடலிலோ கல்லடிக் கடற்கரையிலோ ஓடிப் பழகியவர்கள், விடுமுறைக்கு நுவரெலியாவுக்கோ ஹப்புத்தளைக்கோ வரும்போது ஓடும் சப்பாத்தையும் பையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். வர வேண்டியதுதான், தேயிலை மலைகளுக்கு நடுவே, நீர்த்தேக்கங்களின் ஓரமாக ஓடுவதற்கு ஈடான ஓட்டம் இலங்கையில் வேறில்லை என்றே நான் சொல்வேன். ஆனால் அவர்களில் பலர் வழியைத் தேர்ந்தெடுப்பது படங்களைப் பார்த்துத்தான். கடற்கரையில் அப்படித் தேர்ந்தெடுத்தால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது, ஏனெனில் அங்கே தரை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். மலையிலோ நல்ல காட்சி கிடைக்கும் இடம் பெரும்பாலும் செங்குத்தான இடமாகவும், மூடுபனி முதலில் வந்து மூடும் இடமாகவும், யாரோ ஒருவர் வேலை செய்யும் இடமாகவும் இருக்கும். இங்கே நிகழும் தவறுகளில் பல, காட்சியை விசாரித்துவிட்டுத் தரையை விசாரிக்காமல் விடுவதிலிருந்தே தொடங்குகின்றன.

அவற்றுள் முதலாவது, ஓட்டத்தைத் தூரத்தால் அளப்பது. ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற காட்சிமுனை வரையிலான தோட்டப் பாதை ஏறத்தாழ 7 கிலோமீற்றர். கடற்கரையில் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும் இத்தூரம், இங்கே பெரும்பகுதியும் ஏற்றமாக இருப்பதால், நன்கு பழகியவரிடமும் அதைவிடக் கூடிய நேரத்தைக் கேட்கும். ஆகவே மலையில் எத்தனை கிலோமீற்றர் என்பதைவிட, எத்தனை மீற்றர் ஏற வேண்டும், எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்ற இரண்டையுமே முதலில் கணக்கிட வேண்டும். உயரமும் தன் பங்குக்கு விலை கேட்கிறது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைகிறது. 1,200 மீற்றரைச் சற்றே தாண்டிய ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இக்குறைவு அவ்வளவாகத் தெரியாது. வந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை மறந்துவிட்டு, பக்கத்தில் வருபவரோடு தடையின்றிப் பேச முடிகிற அளவில் ஓடுவதே சரி. செங்குத்தான ஏற்றத்தில் நடப்பது தோல்வியன்று. மலை ஓட்டத்தில் தேர்ந்தவர்களும் அங்கே நடக்கத்தான் செய்கிறார்கள்.

ஏற்றத்துக்கு அஞ்சுபவர்கள் இறக்கத்தை அலட்சியம் செய்கிறார்கள், உண்மையில் உடல் அதிகம் அடிபடுவதோ இறக்கத்தில்தான். கீழே இறங்கும்போது தொடையின் முன்புறத் தசைகள் உடலின் பாரத்தைத் தாங்கியபடியே நீள வேண்டியிருப்பதால், சமதரை ஓட்டத்தில் காணாத நுண்ணிய சேதம் அவற்றில் ஏற்படுகிறது. அதன் வலி அன்றைக்குத் தெரியாமல், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ படியிறங்க முடியாதபடி வந்து நிற்கும். மூச்சு வாங்கவில்லை என்பதற்காக எட்டி எட்டிக் கால் வைத்துப் பாய்ந்து இறங்காமல், அடிகளைக் குறுக்கி, முழங்காலைச் சற்றே மடக்கி, பாதம் உடலுக்கு நேர்கீழே விழும்படி இறங்க வேண்டும். சப்பாத்தின் கயிற்றைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டாதவர்களின் பெருவிரல் நகம் முன்பக்கம் மோதிக் கறுத்துப்போவதும் இந்த இறக்கங்களில்தான்.

காபட் வீதிக்காகச் செய்யப்பட்ட வழுவழுப்பான அடியுள்ள சப்பாத்து, கல் பதித்த தோட்டப் பாதையிலும் பாசி படிந்த கொங்கிறீட்டிலும் பிடிக்காது. அதைவிட மோசமானது, வளைந்து வளைந்து செல்லும் பாதையில் நேரம் வீணாகிறதென்று தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்கு வழியில் இறங்குவது. மண் அரிப்பைத் தடுக்க மலைச் சரிவுக்குக் குறுக்கே வெட்டப்பட்ட கான்கள், செடிகள் அடர்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாள்தோறும் அம்மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கு ஒவ்வொரு கானும் எங்கே இருக்கிறது என்று தெரியும். நமக்குக் கணுக்கால் பிசகிய பிறகே தெரியவரும்.

வறட்சிக் காலத்தில் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது, நீரில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் பிற எச்சங்களும் வெளியே தெரியும். அவற்றைக் காணும் ஆவலில், வெடித்துக் காய்ந்த தரையை நம்பி நீர்த்தேக்கத்தின் உட்பகுதிக்கு ஓடுவது ஆபத்தானது. மேலே காய்ந்திருக்கும் வண்டலுக்கு அடியில் முழங்கால் வரை புதையும் சேறு இருக்கக்கூடும். கரையோடு நின்று பார்ப்பதே போதும்.

காலநிலையைப் பொறுத்தவரை, மலையகம் முழுவதையும் ஒரே பிரதேசமாக எண்ணுவதே பெரிய பிழை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா ஆகிய மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது உலர்ந்த காற்றாகிவிடுகிறது. ஆகவே நோர்வூட்டில் குடையோடு திரியும் ஜூலை மாதத்தில் பண்டாரவளையில் புழுதி பறக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் நிலைமை ஏறக்குறைய தலைகீழாகி, பதுளைப் பக்கம் நனைகிறது. ஒரே விடுமுறையில் இரு பக்கமும் ஓட விரும்புபவர் இதை அறிந்து ஊரைத் தேர்ந்தெடுத்தால், பாதி நாட்களை விடுதி அறையில் கழிக்க நேராது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமின்னல் கூடிவரும். அந்நேரத்தில் திறந்த மலைமுகடுகளில் ஓடுவதைக் கைவிட வேண்டும். நுவரெலியாவின் ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் சில நாட்கள் உறைபனி விழுவதுண்டு. ஓடி வியர்த்த பனியனோடு மலைமுகட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால், சில நிமிடங்களிலேயே உடல் நடுங்கத் தொடங்கும் என்பதால், இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு மெல்லிய மேலங்கி அவசியம்.

மழையோடு சேர்ந்தே மண்சரிவையும் எண்ண வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணில் புதைந்ததை மலையகம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் பல இடங்களில் சரிந்தன. அதற்கு முன் பதிவான வழி வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு அப்படியே பின்தொடர்வது தவறு. பாதை இன்னும் இருக்கிறதா என்பதை ஊராரிடம் கேட்டுத்தான் உறுதிசெய்ய முடியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கை அப்பிரதேசத்துக்கு நடைமுறையில் இருக்கும் நாட்களில், மழை விட்டுவிட்டது என்பதற்காகச் சரிவுப் பாதைகளில் ஓடக் கூடாது, ஏனெனில் ஊறிய மண் மழை நின்ற பிறகும் சரியும்.

தலவாக்கலைப் பக்கம் டெவன், சென் கிளேயர் அருவிகள் பிரதான வீதியிலிருந்தே தெரிவதால், அவ்வீதியிலேயே ஓடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். வளைவுகளில் ஓரத்துக்கு இடமில்லாத அவ்வீதியில், மூடுபனி நேரத்தில் பஸ்ஸுக்கும் பாறைக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்வதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வேறு வழியில்லாவிட்டால் வாகனங்களை எதிர்கொள்ளும் வலப்பக்கத்தில் பளிச்சென்ற உடையோடும், காதில் பாட்டுக் கருவி இல்லாமலும் ஓட வேண்டும். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தை ஒட்டிய தண்டவாளத்தில் ஓடுவது வேடிக்கையாகத் தோன்றினாலும் சட்டப்படி குற்றம். சுரங்கத்திலிருந்து வெளிவரும் ரயிலைக் கண்டு விலக அங்கே இடமும் குறைவு.

தோட்டப் பாதைகள் பூங்காப் பாதைகள் அல்ல. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு முடிந்து தொழிலாளர்கள் மலைக்கு ஏறுவதும், பிள்ளைகள் பாடசாலைக்கு நடப்பதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதே ஒற்றைப் பாதையில்தான். தலையில் பாரத்தோடு வரும் ஒருவர் ஒதுங்கி வழிவிடும்படி ஓடி வருவது அநாகரிகம். நின்று, "போங்க அக்கா" என்று வழிவிட்டால் அரை நிமிடம்தான் போகும். செடிகளுக்கு மருந்து தெளிக்கும் மலையைச் சுற்றிப் போக வேண்டும். கொழுந்தை எடை போட்ட பின் லொறி இறங்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது. மலைநீர் விழும் பீலியில் குளிப்பவர்களும் லயத்து வாசலில் இருப்பவர்களும் காட்சிப்பொருட்கள் அல்லர் என்பதால், அங்கே கைபேசி பையிலேயே இருக்கட்டும். தோட்டத்துக்குள் நுழையுமுன் காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டால், அனுமதியோடு வழியும் கிடைக்கும்.

அந்த ஒரு வார்த்தையில் குளவியைப் பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியூரார் சிறுத்தைக்கு அஞ்சுகிறார்கள். தோட்டத்து மக்களோ அதைவிடக் குளவிக்கு அஞ்சுகிறார்கள், அது நியாயமான அச்சம். கூடு கலைந்து கூட்டமாக வந்தால், கையை வீசி விரட்டாமல் முகத்தை மூடிக்கொண்டு அவ்விடத்தை விட்டு விரைவாக அகன்று ஏதேனும் கட்டடத்துக்குள் புகுவதே வழி. பல இடங்களில் கொட்டியிருந்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சிறுத்தை நடமாடும் காட்டோரங்களில் விடியுமுன்னும் இருட்டிய பின்னும் தனியாக ஓடாதிருப்பதும், எதிர்ப்பட்டால் திரும்பி ஓடாமல் மெல்லப் பின்வாங்குவதும் போதும். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரச வைத்தியசாலையில் தடுப்பூசி பற்றி விசாரிக்க வேண்டும். அட்டை தொல்லைதான், ஆபத்தன்று. பிடித்து இழுக்காமல் நகத்தால் நெம்பி எடுத்தால் சரி.

பள்ளத்தாக்குகளில் சூரியன் மலைக்குப் பின்னே முன்னதாகவே மறைந்துவிடும். கைபேசிச் சமிக்ஞையும் பல மடிப்புகளில் கிடைக்காது. எந்த வழி, எத்தனை மணிக்குள் திரும்புவேன் என்பதை விடுதியில் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். 1990 என்ற எண்ணில் இலவச அம்புலன்ஸை அழைக்கலாம் என்றாலும், தோட்டத்தின் உட்பகுதிக்கு அது வந்து சேர நேரமெடுக்கும். முதல் நாளுக்கு நுவரெலியாவின் கிரகரி வாவியோரம் ஏற்ற இடம், ஏனெனில் ஏறக்குறைய சமதரையான அங்கே உயரத்துக்கு மூச்சு எப்படிப் பழகுகிறது என்பதைப் பாதுகாப்பாகப் பார்த்துக்கொள்ளலாம். ஏப்ரல் வசந்த காலத்தில் மட்டும் கூட்டம் நெரியும் என்பதால், அப்போது விடிந்தவுடன் ஓடி முடித்துவிட வேண்டும்.